காலி டிராலி

இரவு ஒன்பதரைக்கும் வெளியே
முப்பத்தெட்டு டிகிரி.
அஜ்மானின் ஜூலைக்கு
இரவு என்று தனியாக ஒன்று கிடையாது.
அதனால் நாங்கள் நடப்பது
ஹைப்பர் மார்க்கெட்டுக்குள்.

எட்வின் காலி டிராலியைத் தள்ளிக்கொண்டு வருவான்.
சும்மா திரிகிறோம் என்று
யாரும் நினைத்துவிடக் கூடாதாம்.
ஒரு சக்கரம் கீச்சிடும்.
அரிசி மூட்டையில் தொடங்கி
சலவைத்தூள் வரை போய்த் திரும்பினால்
நூற்றுப் பத்து எட்டு.
பதினெட்டுச் சுற்று.

நடக்கும்போதே பொட்டலங்களின் முதுகைப் படிக்கிறேன்.
முன்னால் கோதுமைக் கதிரும் சூரியனும்.
பின்னால் பொடி எழுத்தில்
மாவுக்கு அடுத்தபடியே
சர்க்கரை வந்து உட்கார்ந்திருக்கும்,
பந்தியில் இடம் பிடித்த ஆள் மாதிரி.

நஹ்லா, எகிப்துக்காரி, டயட்டீஷியன்,
முதல் நாள் என் தட்டைத் தாளில் வரைந்தாள்.
பாதி காய். கால் மீன்.
மிச்சக் காலில் "ருஸ்... ஷ்வய்யா" என்று
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நெருக்கினாள்.
அந்த ஷ்வய்யாவுக்கு என் அடுக்களை அளவு
கழுவி வைத்த தயிர் டப்பாவில் பாதி.
தலை தட்டி, அமுக்காமல்.
அமுக்கியும் பார்த்தேன் ஒருநாள்.
மீட்டர் கண்டுபிடித்துவிட்டது.

ஐம்பது ஸ்ட்ரிப் நூற்றுப் பத்து திர்ஹம்.
இன்சூரன்ஸ் கைவிரித்துவிட்டது.
துளி ரத்தத்துக்கு இரண்டே சொச்சம் என்று
கணக்குப் போட்டுக் கொடுத்தவனும் எட்வின்தான்,
பிறகு அந்தத் தாளைக் கிழித்தவனும்.
மோதிர விரலில் குத்த இடமில்லை.
வீங்கியதில் மோதிரமும் ஏறவில்லை.

சமையலறை இரண்டு குடும்பத்துக்குப் பொது.
மகன் பிறந்தநாளுக்குப் பாயசம் கொதித்தபோது
ஷைனி சேச்சி கதவைச் சாத்திக்கொண்டாள்,
எனக்காக.
ஏசி வழியாக வந்து சேர்ந்தது ஏலக்காய்.

"ரெண்டு உயிருக்குத் திங்கணும்டி" என்கிறாள் அம்மா,
போனை நெற்றிக்கு மட்டும் காட்டிக்கொண்டு.
"ரெண்டு உயிருக்காகத்தாம்மா அளந்து திங்கிறேன்."
அவளுக்குக் கேட்கவில்லை.
அல்லது கேட்டது.

எட்வின் வீட்டில் சர்க்கரை இல்லாத டீதான் குடிக்கிறான்.
தெருமுனைக் கடையில் கரக் குடிப்பதை
அவன் சட்டை சொல்லும்.
நான் கேட்பதில்லை.

சாப்பிட்ட பிறகு வரும் எண்கள்
என் சொல் கேட்கத் தொடங்கிவிட்டன.
வெறும் வயிற்று எண்தான் முரண்டு பிடித்தது.
97. 99. 98.
தொண்ணூற்றைந்துக்குள் வரவேண்டும்.
தூங்குகிறவள் என்ன தப்புச் செய்ய முடியும்?

ஒரு ராத்திரி ஒன்றும் தின்னவில்லை.
எட்வினிடம் தின்றேன் என்று சொன்னேன்.
விடியும்போது கை நடுங்கியது.
104.

நோட்டைப் பார்த்த நஹ்லா
பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.
"நீ பட்டினி கிடந்தால்
உன் ஈரல் எழுந்து சமைக்கத் தொடங்கும்,
விடிய விடிய.
படுக்கும் முன் ஏதாவது கொடுத்து
அதைத் தூங்க வை."
பத்து பாதாம். அரை டம்ளர் மோர்.
அழுதேன், அது ஒரு தண்டனை இல்லை என்பதால்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக
டிராலியில் ஏதோ விழுந்த சத்தம்.
உப்பில்லாத பாதாம், சின்னப் பாக்கெட்.
வாசல் செக்யூரிட்டி, நேபாளி,
பேட்ஜில் தில் பகதூர்,
மூன்று வாரமாக எங்களைச் சந்தேகத்தோடு எண்ணியவர்,
ரசீதை வாங்கிப் பார்த்தார்.
என் வயிற்றைப் பார்த்தார்.
மறுநாள் எங்களுக்கென்று
வேறொரு டிராலியை ஒதுக்கி வைத்திருந்தார்.
கீச்சிடாத ஒன்று.

பருப்பு வரிசையில் பாதி போயிருப்போம்.
உள்ளே ஓர் அசைவும் இல்லை.
இவ்வளவு நாளும் இந்த நேரத்துக்கு
உதைத்துக்கொண்டே வரும் பிள்ளை.
"பழசையே எடுத்துட்டு வா" என்றேன்.

வந்தது.
கீச்.
சலவைத்தூள் அருகே
விலாவுக்குக் கீழே ஒரு குதிகால்.

இன்று காலை 94.
நாளை என்னவோ.
பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.