நான்கு கட்டங்கள்

காட்டுக்குச் சிவப்பு என்று வைத்திருக்கிறோம்.
கண்ணுக்குப் பிடிபடாத ஒளியில்
உயிருள்ள இலை அப்படித்தான் எரிகிறது.
எண்பத்தேழாம் ஆண்டுப் படத்தில்
சாக்கோ முழுக்கச் சிவப்பு,
ஓரத்தில் மட்டும் யாரோ நகத்தால் கீறியதுபோல்
ஒரு சாலை.

பிறகு சதுரங்கள்.
தீ சதுரமாய் எரியாது.
வெள்ளம் சதுரமாய் வடியாது.
அதனால் வெட்டியதை எண்ணுவது எளிது.

அசுன்சியோனில், ஏ.சி. அறையில்,
ஆண்டுவாரியாக எண்ணிக் கூட்டுவது என் வேலை.
பதினாறு நாளுக்கொருமுறை
செயற்கைக்கோள் அவ்வழி போகிறது,
எந்தக் கேட்டிலும் நின்று அனுமதி கேட்காமல்.

நான் கேட்க வேண்டியிருந்தது.
சரிபார்ப்புப் புள்ளி இருநூற்றுப் பதினேழு
பூட்டிய பண்ணைக்குள் ஆறு கிலோமீட்டர்.
வடகாற்று. ஆகஸ்ட் புழுதி பல்லில் நறநறத்தது.
முதலாளி பிரேசிலில்.
சாவி எதெல்வினோ எத்தகோரேயிடம்.
தெரெரே குவளையை என்னிடம் நீட்டிவிட்டு
படத்தை வாங்கித் தலைகீழாய்த் திருப்பினான்,
தெற்கு மேலே வர.
"இப்படித்தான் வந்தோம்.
ரெண்டு டிராக்டர், நடுவில் கப்பல் சங்கிலி."
எல்லையோரம் விரலை ஓட்டிக்கொண்டே போனவன்
சதுரத்தின் நடுவில் நிறுத்தினான்.
"இங்கே இருந்தது எங்கே?"

இருந்தது. நான்கு கட்டம், சிவப்பாய்,
ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.
படத்தைச் சலிக்கும்போது கணினி கேட்டது,
சிதறலை அகற்றட்டுமா?
ஆம் என்றிருந்தேன்.
டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

கூட்டிப்போய்க் காட்டினான்.
கெப்ராச்சோ மரங்கள், அடியில் முள்,
பொந்துக்குள் தேனீ.
சங்கிலியைக் கழற்றி, சுற்றிப்போய்,
அந்தப் பக்கம் மறுபடி மாட்டியிருக்கிறான்.
அரைநாள் கூலியைப் பிடித்துவிட்டார்களாம்.
ஏன் விட்டாய்?
"கொட்டும்" என்றான், சிரிக்காமல்.

நிழலில் நின்றோம்.
எங்களுக்கு முன்பே மாடுகள் அங்கே நின்றிருந்தன.
படிவத்தில் இரண்டு பெட்டி:
காடு, மேய்ச்சல்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
வெகுநேரம் எதிலும் குறியிடவில்லை.

திரும்பி வந்து
நான்கு கட்டத்தையும் கையாலேயே போட்டேன்.
மொத்தக் கணக்கில்
தசமத்துக்குப் பின் மூன்றாம் இலக்கம்கூட அசையவில்லை.

செப்டம்பர் ஒன்பது: மேகம்.
இருபத்தைந்து: மேகம் விலகியிருக்கிறது,
அதன் நிழல் மட்டும்
சரியாய் அந்த இடத்தின்மேல்.