உருளைக்கிழங்கு நிலவறை

இருளும் ஒளியும் என்று
பதினாறு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.
ஜூன் மாதம் கெமியார்வி ஏரிக்கரையில்
சூரியன் மறையாது என்பதை
தெற்கே ஹெல்சின்கியில் உட்கார்ந்து எழுதியவள்
மறந்தே போனேன்.

இரவு பதினொன்றரை. முகத்தில் வெயில்.
பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர்
கொசு அடித்தபடி என்னைப் பார்க்கிறார்கள்.
"போதகரம்மா, எந்த இருட்டு?"
என்கிறான் ஓஸ்மோ.
முகாமே சிரிக்கிறது. நானும்தான்.

முதல் நாளே சொன்னவன் இவன்:
திடப்படுத்தல் முடிந்தால் அப்பா மொபெட் வாங்கித் தருவார்,
அதற்குத்தான் வந்தேன்.
பரவாயில்லை என்றேன்.
அதைவிட மட்டமான காரணங்களுக்கு வந்தவர்களையும்
கடவுள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்,
என்னைப் போல.

சமையல்கட்டு ஹில்க்கா சாவியை நீட்டினாள்.
"இருட்டுதானே? கிழங்கு நிலவறையில் கிடக்கிறது.
வரும்போது ஒரு வாளிக் கிழங்கு எடுத்துவா."

குனிந்து இறங்கினோம்.
போன வருடத்துக் கிழங்குகள்
வெள்ளை வெள்ளையாய் முளைவிட்டுக் கிடந்தன.
கதவைச் சாத்தினோம்.
யாரோ என் காலை மிதித்தார்கள்.
யாரோ முத்தச் சத்தம் போட்டார்கள், ஒரே கூத்து.
என் கையில் மெழுகுவர்த்தி,
நமுத்துப்போன தீப்பெட்டி.
நான்கு குச்சி உரசியாயிற்று.
ஐந்தாவதை எடுக்கையில்
ஒரு குரல்:

"ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகப் பயமாயிருக்கிறது."

பையனா, பெண்ணா, தெரியவில்லை.
சிரிப்பு நின்றிருந்தது.
யார் என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
கதவோரம் நின்ற யாரோ தள்ளிவிட
வெயில் கொட்டியது உள்ளே.
இருபத்துமூன்று முகங்களும்
ஒன்றுபோல் கண்ணைச் சுருக்கின.

உதவியாளர்களிடம் சொல்லிவைத்தேன்.
படகுத்துறையில் ஒவ்வொருவராய் உட்காரவைத்துப் பேசினேன்.
நன்றாயிருக்கிறேன். நன்றாயிருக்கிறேன்.
ஓஸ்மோ மட்டும் தண்ணீரில் கல்லெறிந்துகொண்டே
"நான் இல்லை" என்றான்.
"நானாயிருந்தாலும்
இல்லை என்றுதான் சொல்வேன்."

சனிக்கிழமை, எல்லோரும் சவுனாவில் இருந்தபோது
என் போன் நம்பரை இருபத்துமூன்று துண்டுச் சீட்டில் எழுதி
தலையணைக்குக் கீழே ஒவ்வொன்றாய் வைத்தேன்.
எந்த நேரமானாலும், என்று எழுதி
அடிக்கோடு போட்டேன்.

ஞாயிறு. வெள்ளை அங்கி.
கைவைத்து ஜெபித்தேன்:
ஜெல் பூசிய தலை, ஈரம் காயாத தலை,
காய்ச்சலோ என்று பயமூட்டிய தலை.
ஒன்று நடுங்கிற்று.
என் கையும் நடுங்கிக்கொண்டிருந்ததால்
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கார்கள் வந்தன. பூங்கொத்து, கட்டிப்பிடிப்பு, படம்.
ஒவ்வொரு அப்பாவின் கையையும்
ஒவ்வொரு அம்மாவின் வாயையும்
உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
காபி ஊற்றவேண்டியவள் நான்.

திங்கட்கிழமை
நானும் ஹில்க்காவும் தலையணை உறைகளைக் கழற்றினோம்.
சீட்டுகள் வைத்தது வைத்தபடி.
எண்ணினேன். இருபத்திரண்டு.
மறுபடி எண்ணினேன்.
ஜன்னல் திறந்திருந்தது, காற்று கொண்டுபோயிருக்கலாம்.
ஹில்க்கா முழங்காலில் குனிந்து
கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவி
"இல்லை" என்றாள்.
பிறகு மெல்ல,
"இல்லாமலே இருக்கட்டும்."

இப்போது நவம்பர்.
மூன்று மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.
குளிக்கப் போனாலும்
போனைச் சத்தம் கூட்டி
சோப்புப் பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.