கடைமடைக் கடல்

மேட்டூர் திறந்த வாரம்தான்
நானும் தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.
நாலடி நீளம், பத்து மில்லிமீட்டர் கண்ணாடி,
திருத்துறைப்பூண்டி வாடகை மாடியில்
கட்டில் கிடந்த இடத்தில்.
கட்டில் இப்போது கூடத்தில்.

ஆர்.ஓ. தண்ணீர் பதின்மூன்று கேன்.
லிட்டருக்கு இத்தனை கிராம் என்று நிறுத்த உப்பு.
ஆபீசில் நான் மண் பார்ப்பவள்.
"உவர் அதிகம்" என்று அட்டையில் எழுதி
முத்திரை குத்தி நீட்டும் அதே கை
வீட்டில் வாளிக்குள் உப்பைக் கொட்டிக் கலக்கியது.
பாலகுரு கேட்டேவிட்டார்:
"ஊரே உப்ப வெளியேத்தப் பாக்குது,
நீ காசு குடுத்து உள்ள ஏத்துற."

மீன் விடவில்லை.
முதலில் ஓர் இறாலை விட்டேன், செத்த இறால்.
நாகப்பட்டினத்துக் கூடையில் பெரிதாகப் பொறுக்கி
தோலோடு நூலில் கட்டித் தொங்கவிட்டு
அழுகட்டும் என்று காத்திருந்தேன்.
"தொக்கு வச்சிருக்கலாம்" என்றார்.
அழுகினால்தான் நஞ்சு,
நஞ்சு வந்தால்தான் அதைத் தின்ன ஆள் வரும்,
கண்ணுக்குத் தெரியாத அந்த ஆட்கள்
பாறை இடுக்கில் குடியேறி வம்சம் பெருக்கி
முடித்த பிறகுதான் மீன்
என்று விளக்கினேன்.
சோறு ஆறுது என்றார்.

மாலைதோறும் சோதனைக் குழாய்.
சொட்டு எண்ணி, குலுக்கி, ஐந்து நிமிடம்.
பச்சை. மறுநாளும் பச்சை.
பன்னிரண்டாம் நாள் நாற்றங்கால் பச்சை.
பதினாறில் இன்னொரு குழாயில் ஊதா.
அதை நோட்டில் எழுதும்போது
எனக்கு மட்டும் திருவிழா.

எதிர்வீட்டு ஜெசிந்தா பிள்ளைகளோடு வந்து
விளக்குப் போட்ட வெறுந்தண்ணீரைச் சுற்றிப் பார்த்தாள்.
"எங்கக்கா ஒளிஞ்சிருக்கு மீனு?"
சின்னவன் மட்டும் கண்ணாடியில் ஒட்டிய
ஒரு குமிழியைக் காட்டி
குண்டு மாமா என்று பெயர் வைத்துப் போனான்.

பிறகு மணலெல்லாம் பழுப்பு.
ஆடி மழையில் கரண்ட் போன ராத்திரி
பேட்டரி பம்ப் இரைய விழித்திருந்தேன்.
யாருக்காக என்று கேட்டால்
பாக்டீரியாவுக்காக என்று
எப்படிச் சொல்ல.

ஞாயிறன்று வைரக்கண்ணு
அட்டை கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.
தலைஞாயிற்றுக்குக் கிழக்கே அவர் வயல்,
கடைமடைக்கும் கடைமடை.
அங்கே போய்ச் சேரும்போது ஆறு
தன் பெயரையே மறந்திருக்கும்.
புயலில் ஏறிய கடல் மட்டும்
இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"என்னுது எவ்ளோ?"
"ஆறு புள்ளி ரெண்டு."
தொட்டியைக் காட்டினார். "இது?"
"அம்பது."
குனிந்தார்,
நட்ட நாற்று வேர் பிடித்ததா என்று பார்ப்பதுபோல்.
"இதுல என்ன வெளையும்?"
"இன்னும் ஒண்ணுமில்ல. முப்பத்தோரு நாளாச்சு."
சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எனக்கு முந்தாநாளுதான் தண்ணியே வந்துச்சு" என்றார்.
அட்டையை நாலாக மடித்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்,
இருவரும் ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டு.

ஐம்பத்திரண்டாம் நாள்.
ஒரு குழாய் மஞ்சள், ஒன்று வான நீலம்.
கொளத்தூரிலிருந்து பஸ் பார்சல்,
விடியற்காலை நாலரைக்கு,
கண்டக்டர் தூக்கக் கலக்கத்தில் நீட்டிய
தெர்மாகோல் பெட்டிக்குள்
கட்டைவிரல் நீளத்தில்
ஒரே ஒரு கோமாளி மீன்.
முடிச்சுப் போட்ட குழாயில்
சொட்டுச் சொட்டாக என் தண்ணீரை
அதன் தண்ணீரில் விட்டேன், ஒன்றரை மணி நேரம்.
பாலகுரு இரண்டு முறை டீ போட்டார்,
ஒன்றும் கேட்கவில்லை.

விட்டதும் பாறைக்குப் பின்னால் போனது.
மத்தியானம் வரை வரவில்லை.
பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்த சின்னவனிடம்
அதோ, அந்த இடுக்கில், ஆரஞ்சாக, என்றேன்.
அவன் வேறெங்கோ தேடினான்.
"குண்டு மாமா எங்க?"

அடுத்தது ஒரு மாதம் கழித்துத்தான்.
கட்டில் கூடத்திலேயே கிடக்கட்டும்.