எண்பத்திமூன்று சுற்று

முதல் ரீல் நீல பிளாஸ்டிக்.
பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரர்
புல்தரையில் நின்று ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
அவருக்கு அது இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும்.
எங்களுக்கு, துரைப்பாக்கத்தில்,
அக்கினி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்,
மொட்டைமாடித் தளத்தில் வைத்த இடத்திலேயே
கைப்பிடி அப்பளம்போல் முறிந்து
யாசீன் கையோடு வந்துவிட்டது.

உத்தரவாதச் சீட்டில் ஒரு கட்டம்:
பழுதானதற்குக் காரணம்.
உபயோகித்தோம், என்று எழுதினேன்.
வீட்டு உபயோகத்துக்கு மட்டும், என்று பதில் வந்தது.

இரண்டாவது இரும்பு.
தீயணைப்பு வண்டிக்குச் சொந்தக்காரன் மாதிரி சிவப்பு.
கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த ஆறு மாடி, மாதம் இருமுறை.
உப்புக்காற்று பெயிண்டுக்கு அடியில் நுழைந்து
குடித்தனம் வைத்தது.
ஐப்பசி மழை முடிவதற்குள் அச்சில் துரு,
துருவிலிருந்து கசிவு,
கசிவிலிருந்து கண்ணாடியில் ஒரு செம்மண் கோடு.
ஐந்தாம் மாடி அம்மாள் ஜன்னலைத் திறந்து கேட்டார்:
"தொடைக்க வந்தீங்களா, காவி அடிக்க வந்தீங்களா?"

கண்ணாடிக்கு நாங்கள் கொடுக்கும் தண்ணீரில்
மீட்டரை வைத்தால் சைபர்.
உப்பில்லை, சுண்ணாம்பில்லை,
வந்து போன தடமே வைக்காமல் காய்கிற தண்ணீர்.
என் வீட்டு லாரித் தண்ணீரில் அதே மீட்டர்
ஆயிரத்து நூற்றிப் பத்து.
ஒன்றுமில்லாத தண்ணீருக்குத்தான் பசி அதிகம் என்பார்
முதலாளி கோதண்டபாணி.
பித்தளை இணைப்பில் ஊசிமுனை ஓட்டையைக் காட்டி,
"பாரு, நக்கியே தின்னுருக்கு."

மூன்றாவதை வாங்கவில்லை.
லிங்கிச் செட்டித் தெருவில் விலை கேட்டுவிட்டு
ஒரு டீயைக் குடித்துவிட்டு
நேராகக் காசிமேட்டுக்குப் போனோம்.
விசைப்படகுக்கு வின்ச் செய்கிற தேசப்பன்
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றி
"எந்தப் படகுக்கு?" என்றார்.
படகுக்கு இல்லை, மாடிக்கு.
"கடல் பக்கத்து மாடியா?"
ஆமாம்.
"அப்ப படகுதான்."

எவர்சில்வர் டிரம். வெண்கல புஷ்.
ஸ்பேனர் இல்லாமல் கையால் திருகும் மூடி,
உள்ளே ஒரு ரப்பர் வளையம், மூன்று ரூபாய்.
"மாசா மாசம் மாத்து.
அது சாகறதுக்குன்னே வச்சது.
அது செத்தாத்தான் மத்ததெல்லாம் பொழைக்கும்."

மூன்று வருடம் ஏழு மாதம்.
மழை, வெயில், வண்டியிலிருந்து இரண்டு தடவை உருண்டது,
ஒன்றும் ஆகவில்லை.
ஆனால் முப்பத்தோரு கிலோ.
பெருங்குடி கோபுரத்தில்
சர்வீஸ் லிஃப்ட் சாப்பாட்டுக்கு மட்டும் என்றார் செக்யூரிட்டி.
பதினோரு மாடி. நான் ஒரு பக்கம், யாசீன் ஒரு பக்கம்,
நடுவில் அது, கல்யாண வீட்டு அண்டா கணக்காக.
ஏழாம் மாடியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கும்போது
யாசீன் அதை முறைத்துக்கொண்டே சொன்னான்,
"அந்த நீலம் எவ்ளோ லேசு."

குழாய்க்கு ஞாபகம் உண்டு.
காலையில் நேராக இழுத்துக் கிடத்தினாலும்
டிரம்மின் வளைவு அதை விட்டுப் போவதில்லை.
என் வலது தோளும், பஸ் கம்பியைப் பிடிக்கும்போது,
ஒரு அரைச் சுற்று தானாகவே சுற்றப் பார்க்கிறது.

நூறு மீட்டர், எண்பத்திமூன்று சுற்று.
எண்ணாமல் சுற்றினால் ஒரே பக்கம் குவியும்.
நேற்றும் எண்பத்திமூன்றுதான்.
இன்று ஆறரை மணிக்கு,
உள்ளே விளக்குகள் எரிந்து
அவர்களுக்கு நாங்கள் தெரியாமல் போன பிறகு,
எண்பத்தைந்து.

குழாய் நீண்டுடுச்சா, என்றேன்.
"நடுவுல உனக்கு போன் வந்துச்சு,"
என்றான் யாசீன்,
மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டே.
இன்று ஒன்றாம் தேதி.