நான்கு வரித் திருத்தம்

மைனஸ் எண்பது உறைபெட்டியை இன்று காலி செய்தோம்.
பட்டியலை நான் படித்தேன், ரைலி டிக் அடித்தாள்.
எட்டு அடுக்கு, முன்னூற்றுப் பன்னிரண்டு டப்பா,
இருபத்தாறு வருடம்.
ஜன்னலுக்கு வெளியே அவுரா ஆறு உறைந்து கிடக்க
படகின் கூரையில் யாரோ பனி வழிக்கிறார்கள்.

என் வேலை வெட்டுவது.
தலைமுடியில் பாதிப் பருமனுக்கு
மூளையைச் சீவித் தண்ணீரில் மிதக்கவிடுவேன்,
தூரிகையால் ஏந்திக் கண்ணாடியில் படுக்கவைப்பேன்.
பெயர் தெரியாது. எண்தான்.
சுருங்காமல் படுத்தால் என் பாடு முடிந்தது.
மிச்சம் அவள் கண்ணுக்கு.

அவள் தேடியது மைக்ரோகிளியா.
சும்மா இருக்கையில்
இலையுதிர்ந்த பிர்ச் மரம் மாதிரி கிளைவிட்டு நிற்கும்.
பகை என்று எதையாவது கண்டால்
கிளைகளை உள்ளே இழுத்து உருண்டுவிடும்.
முள்ளெலி, என்றாள்.
பயந்ததா கோபித்ததா என்றுதான் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில், மருத்துவர் மாநாட்டில்
"துக்கத்துக்கு வீக்கமா? அதென்ன கணுக்காலா?"
சிரித்தார்கள்.
அவளும் சிரித்துவிட்டு அடுத்த படத்தைப் போட்டாள்.
வருடக்கணக்கில் சுவர் பார்த்துப் படுத்திருந்த
பதினொருவரின் மூளை.
பத்தில் உருண்டைகள்.
எங்கள் மொழியில் அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே
தீ இருக்கிறது.
மண்டைக்குள் தீப்பிடித்தவனைப் பார்த்து
எழுந்து நட என்கிறோம், என்றாள்.
சிரிப்பு நின்றது.

பிறகு பணம் வந்தது. மாணவர்கள் வந்தார்கள்.
புது நுண்ணோக்கி.
எனக்கொரு சுழல் நாற்காலி.

இரண்டாயிரத்து ஒன்பதில்
பழைய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தைக் காலி செய்தபோது
அந்தப் பதினொருவரின் காய்ச்சல் அட்டைகள் எங்களிடம் வந்தன.
முப்பத்தெட்டரை, முப்பத்தொன்பது, நாற்பது.
நீலப் பென்சில் கோடு மேலே ஏறி ஏறி
அப்புறம் வெறும் காகிதம்.
ஒன்பது பேர் நிமோனியாவில் போனவர்கள்.
நாங்கள் கண்டது
கடைசி வாரத்துத் தீ.

யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.
நானூறு கட்டுரைகள் அந்தக் கட்டுரையின் தோளில் நின்றன.
அட்டைகளைத் திருப்பி அனுப்பிவிடலாமே என்றேன் நான்.
(அந்த நாற்காலி எனக்குப் பிடித்திருந்தது.)
ரைலி கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.
மறுநாள் காலை நான்கு வரி எழுதி
இதழுக்கு அனுப்பியிருந்தாள்.
நாலாவது வரியில் "பிழை என்னுடையது."
ஆய்வகத்தார் என்றுகூட இல்லை.

பணம் நின்றது. மாணவர்கள் வேறு கூரை தேடினார்கள்.
காய்ச்சலே இல்லாமல் செத்தவர்கள் வேண்டும் இனி:
விபத்து, சட்டென்று நின்ற இதயம்.
வருடத்துக்கு இரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.
பன்னிரண்டு வருடம் வெட்டினேன்.
மூன்றில் ஒருவருக்கு உருண்டை.
மற்றவர்களுக்குக் கிளை கிளையாய், அமைதியாய்,
துக்கம் வேறெங்கோ.

நடுவே மாத்திரைச் சோதனையும் நடந்தது.
பலன்,
சொல்லிக்கொள்ளும்படி இல்லை,
சொல்லாமல் விடும்படியும் இல்லை.
பேருந்து ஓட்டும் தார்மோ, குணமாகி, கேக்கோடு வந்தார்.
"எனக்குக் கிடைத்தது மருந்தா, மாவா?"
அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள்.
மாவு.
"அப்படியானால் கேக்கை யாருக்குக் கொடுப்பது?"
தெரியவில்லை என்றாள். உண்மையாகவே தெரியாத முகம்.
மூவருமாகத் தின்றோம்.

கடைசி அடுக்கில் அந்தப் பதினோரு டப்பா.
விதிப்படி எரிக்க வேண்டும்.
பத்தைச் சிவப்புப் பையில் போட்டேன்.
ஏழாம் எண்ணை அவள் கையிலேயே வைத்திருந்தாள்,
கையுறையில் உறைபனி வெள்ளையாக ஏறும்வரை.
காய்ச்சல் இல்லாத இருவரில் ஒருவர்.
உருண்டைகள் இருந்தவர்.

புதிதாக ஒட்டிய சீட்டில்
"ஏழு. காய்ச்சல் இல்லை" என்று எழுதி,
பேனாவை மூடி,
மறுபடி திறந்து,
ஒரு கேள்விக்குறி போட்டாள்.
பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.