இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி

ஈசூன், பதினோராம் மாடி, இரவு ஒன்றரை.
ஒரே ஒலிப்பதிவை
மூன்று மென்பொருளுக்கும் கொடுத்துப் பார்த்தேன்.

முதலாவது உடனே 174 என்றது.
இரண்டாவது 87.
பாதியைச் சொல்லி
மீதியை என் தலையில் கட்டிவிட்டது.
மூன்றாவது வெகுநேரம் சுற்றிவிட்டு
116.02 என்றது, தசமத்தோடு,
பொய்க்கணக்கில் காசு சுத்தமாக இருக்குமே, அப்படி.

பாட்டுகூட இல்லை இது.
போன மாதம் எங்கள் புளோக் கீழ்த்தளத்தில்
துர்கேஷ் செட் அடித்த உருமி.
ஃபோனில் பிடித்தது.
பின்னால் பெரிய மின்விசிறி,
யாரோ நாற்காலி இழுக்கிறார்கள்.

174ஐ நம்பிக் கட்டம் போட்டேன்.
அடிக்கு அடி கோடு,
ரயில் கதவும் நடைமேடைக் கதவும்போல்
நேருக்கு நேர்.
2:14இல் கோணிற்று.
கோடு அங்கேயே நிற்க
அடி ஓடுகிறது.
மற்ற இரண்டிலும் அதே இடம், அதே கோணல்.

'வேகம் சீராக இல்லை. நேராக்கவா?'

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினேன்.
தோலின் உறுமலுக்கு அடியில்
சின்னதாய் ஒரு 'டிங்'.

லிஃப்ட்.
சுகந்தி மாலையோடு இறங்கியிருக்கிறாள்.

வேண்டாம் என்று தட்டினேன்.
சனிக்கிழமை அந்த இடத்தை
விரலால்தான் தள்ளிச் சேர்க்க வேண்டும்.
தவறினாலும் தவறும்.