அரைக்கோடு

டொக்யார்ட் வீதியில் என் கடை.
கடற்படை ஐயாமாரின் தோள்களை
அவர்களின் பெண்சாதிமாரை விடவும் எனக்குத் தெரியும்:
எது சரியும்,
எது சம்பளக் கிழமையில் மட்டும் நிமிரும்.

ஒரு வியாழன் பின்னேரம் ஜீப் வந்து நின்றது.
சாரதி இறங்காமலே துண்டு ஒன்றை நீட்டினான்.
வெள்ளைச் சீருடை இரண்டு சோடி, மார்பு முப்பத்தெட்டு,
தோள்பட்டையில் இரண்டு பொற்கோடு,
நடுவில் மெல்லிசாய் ஓர் அரைக்கோடு.
லெப்டினன்ட் கிரிந்தெனியவுக்கு.
சனிக்குள் வேண்டும்.

நேர்முகப் பரீட்சை திங்கள்தான்.

நான் கேட்கவில்லை. கேட்கிற தையல்காரனுக்கு
டொக்யார்டுக்குள் போகிற பாஸ் கிடைக்காது.

வெள்ளி காலை குருகே வந்தார்.
தெவுந்தரையில் வலை இழுத்தவரின் மகன்.
கொட்டியாரக் குடாவில்
எந்தக் கல்லைச் சுற்றித் தண்ணீர் கறுக்கும் என்று
மூதூர்த் தோணிக்காரரே இவரிடம்தான் கேட்பார்கள்.
பழைய சீருடை. காலர் நைந்திருந்தது.
"மாஸ்டர், திருப்பித் தைங்கோ, திங்கள் போர்ட்" என்றார்
தனக்குத் தெரிந்த தமிழில்.
காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பினேன்.
மேசை லாச்சிக்குள் மற்றவனின் அரைக்கோடு
வெட்டி, குண்டூசி குத்தி, காத்துக் கிடந்தது.
லாச்சியை முழங்காலால் தள்ளி மூடினேன்.

அருள்நேசன் சேர் பித்தளைப் பொத்தானுக்கு மட்டும் வருவார்.
இரண்டு பேருக்கும் நட்சத்திரம் பார்த்துக் கப்பல் விடப் படிப்பித்தவர்.
அவரைப் பரீட்சைக்கே கூப்பிடவில்லை.
ஏன் என்று அவர் சொல்லவில்லை.
பெயரே சொன்னது.

சனிக்கிழமை கிரிந்தெனிய வந்தான்.
கெட்டவன் என்று சொல்லமாட்டேன்.
மந்திரிக்குத் தங்கை மகனாய்ப் பிறக்க
அவன் விண்ணப்பம் போடவில்லை.
கண்ணாடியில் தோளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.
"கொஞ்சம் பாரமாய் இருக்கு" என்றான்.
நூல்தான் புதுசு, பழகிவிடும் என்றேன்.

கோட்டை மான் ஒன்று வாசலில் நின்று
சீமெந்துப் பையைத் தின்றுகொண்டிருந்தது.
அந்தத் துண்டையும் அதன் வாயில் வைத்திருக்கலாம்.
கணக்குக் கொப்பிக்குள் வைத்தேன்.
காசு வாங்க வேண்டுமே.

பிறகு கார்த்திகை.
பட்டப்பகல். வாடை முகத்தில் அடித்தது.
அரைக்கோடு போ என்க, குருகே வேண்டாம் என்க,
படகு கல்லில் ஏறியது.
இரண்டு மாலுமிகள் திரும்பவில்லை.
ஒருவனுக்குக் காற்சட்டை நீளம் குறைத்துக் கொடுத்திருந்தேன்.
அடுத்த கிழமை தருகிறேன் என்றவன்.

விசாரணை ஒன்பது நாள்.
கொழும்பிலிருந்து வந்தவர்கள்
கடல் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு விசாரித்தார்களாம்.
பத்தாம் நாள் அதே ஜீப், அதே சாரதி, இன்னொரு துண்டு:
குருகேயின் தோள்பட்டையில் ஒரு கோட்டைப் பிரி.

பிளேடால் ஒவ்வொன்றாய் அறுத்தேன்.
என்னுடைய தையல். இறுக்கமானது. நேரம் எடுத்தது.

நியாயம் பேச எனக்கு வாய் இல்லை.
போன வருசம் கிண்ணியாப் பொடியன் ஒருவன் வேலை கேட்டு வந்தான்.
அவன் எடுத்துக் காட்டிய காஜாத் துணியை
இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.
மெசினில் இருப்பது என் மச்சானின் மகன்.
ஒரு காலை நீளமாய் வெட்டுகிறான்.
சின்னக் கடை, சின்ன மந்திரி.

கோடு போனபின் பார்த்தேன்:
வெயில் தின்று வெளிறிய துணியில்
அது இருந்த இடம் மட்டும்
புதுக் கருநீலமாய், விரலகலம்.
பிரஷ் போட்டேன். ஈரத்துணி வைத்து அழுத்தினேன்.
போகவில்லை.

குருகே வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
கூலி எவ்வளவு என்றார்.
பிரிக்கிறதுக்குக் காசில்லை என்றேன்.
படைக் கணக்கில் ஏற்கெனவே எழுதியிருந்தேன்,
ஒரு ரூபா ஐம்பது.